முதல் பதினேழு சட்டகங்கள்

என் தந்தையின் முகம் தங்களுடைய கைபேசியிலும் இருக்கக்கூடும் என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் விழ, வாய் கோணி, கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு மனிதர் அழுகிற வாட்ஸ்அப் ஸ்டிக்கர் அது. கிரிக்கெட்டில் தோற்றால் அனுப்புகிறார்கள். சம்பளம் தாமதமானால் அனுப்புகிறார்கள். பிரியாணி தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கைவிரித்தாலும் அனுப்புகிறார்கள். தஞ்சாவூரில் நான் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றும் கல்லூரியில், தேர்வு தேதி வெளியான அன்று என் மாணவி ஒருத்தி வகுப்புக் குழுவில் அதை அனுப்பினாள். அது யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "நன்றாகப் படியுங்கள்" என்று மட்டும் பதில் எழுதினேன்.

அப்பாவின் பெயர் மருதையன். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, எங்கள் ஊரில், ஐந்து மா, அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்த நிலத்தில்தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இயக்குநர் இமயவரம்பன் அவர்கள் 'கதிர் சாய்ந்த நிலம்' என்ற படத்தின் உச்சக் காட்சியை எடுத்தார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி.

தை மாதத்தின் முதல் வாரம். சம்பா நெல் முற்றிக் கதிர் வணங்கி நின்றது. அறுப்புக்கு முன் வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, வாய்க்கால் மடையை அடைத்துக் காயவிடுவது வழக்கம். அப்பாவும் அப்படியே செய்திருந்தார். இமயவரம்பன் அவர்கள் வரப்பில் நின்று, கைவிரல்களால் ஒரு சதுரம் செய்து அதன் வழியே வயலைப் பார்த்தார்கள். பிறகு, வயல் நிறையத் தண்ணீர் வேண்டும், விடியற்கால வானம் அதில் தெரிய வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்கள். நான் தேநீர்த் தூக்குடன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இப்ப தண்ணி வுட்டா பயிரு படுத்துரும்ங்க. படுத்தா முளைச்சுரும். அறுத்துட்டுச் சொல்றேன், அப்புறம் ஆறாவே பாயவுட்டுத் தர்றேன்ங்க" என்றார் அப்பா.

"சரி, பெரியவரே" என்று சொல்லிவிட்டு இயக்குநர் அவர்கள் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா வயலுக்குப் போனபோது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பயிர் முழுவதும் படுத்துக் கிடந்தது. வாய்க்கால் பக்கத்து வரப்பில் கேமராவோடு ஆட்கள் இருந்தார்கள். அப்பா எதிர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அவர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டு நொடிகள். ஷாட் போய்க்கொண்டிருக்கிறது, யாரும் கிட்டே வராதீர்கள் என்று நண்பகல்வரை ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பிறகு ஊரார் போய்ப் பார்த்தபோது எங்கள் வயலின் மடை திறந்து கிடந்தது.

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் படம் பாராட்டப்பெற்றது. எந்த நடிகராலும் இப்படி அழ முடியாது என்று எழுதினார்கள். இமயவரம்பன் அவர்கள் ஒரு நேர்காணலில் இவ்வாறு கூறினார்கள்: "மழை தானாகவே வந்தது. நான் கேமராவை வைத்தேன், அவ்வளவுதான்."

அந்த வாரம் ஒரு தூறல்கூட விழவில்லை என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். மழை இல்லையென்றால் மடைதான் என்று ஊர் முடிவு செய்தது. மருதையன் மடையைச் சரியாக அடைக்காமல் போய்விட்டான், பிறகு உட்கார்ந்து அழுகிறான் என்றார்கள். நெல் கதிரிலேயே முளைத்தது. அடுத்த பருவத்துக்கு நிலத்துக்காரர் நடராச ஐயா குத்தகையை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். மடை அடைக்கத் தெரியாதவனிடம் நிலத்தை எப்படி விடுவது என்று அவர் தேநீர்க் கடையில் கேட்டது எங்கள் காதுக்கும் வந்தது. அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கப் போனார். ஊரில் அவருக்கு 'அழுவாச்சி மருதையன்' என்ற பெயரும் நிலைத்தது.

இவை அனைத்தையும்விட என்னை வருத்திய செய்தி ஒன்று உண்டு. நாளடைவில் அப்பாவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். வீட்டுக் குழாயை மூடிவிட்டு வருவார். சிறிது நேரம் கழித்து எழுந்துபோய் மீண்டும் திருகிப் பார்ப்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எழிலு, கொழாய மூடினேனா?" என்பார். மூடினீர்கள் என்று சொன்னாலும் எச்சில் கையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். பதினோரு ஆண்டுகள்.

நான் எம்.ஃபில். பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு 'மூஸா, இமயவரம்பன் ஆகியோரின் திரைப்படங்களில் நீர்: ஓர் ஒப்பாய்வு' என்பதாகும். மூஸா அவர்கள் அதிராம்பட்டினத்துக்காரர். காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் டெல்டாவைப் படமாக்கிய பெரியவர்கள். நெறியாளர் வேறு தலைப்புகளும் கொடுத்தார். நான் இதைத்தான் கேட்டு வாங்கினேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அது முழு உண்மையன்று என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நொடி படத்துக்கு இருபத்துநான்கு சட்டகங்கள், அதாவது ஃப்ரேம்கள். ஒவ்வொரு காட்சித்துண்டும் எத்தனை சட்டகம் நீள்கிறது என்று நான் மடிக்கணினியில் எண்ணி அட்டவணை இட்டேன். அப்பா அழும் அந்தக் காட்சித்துண்டு முதலில் வயல் முழுவதையும் காட்டி, பிறகு மெதுவாக அவர் முகத்தை நெருங்குகிறது. அதைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தியபோது, முதல் பதினேழு சட்டகங்களில் மட்டும், இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு பொருள் தெரிந்தது. பதினெட்டாவது சட்டகத்தில் அது விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு நொடிகூட இல்லை. கைபேசியில் பார்த்தால் அது ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். ஸ்டிக்கரிலோ முகத்தைத் தவிர மற்ற அனைத்தையும் வெட்டிவிட்டார்கள்.

அது ஒரு மண்வெட்டி. வெட்டப்பட்ட வரப்பில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் மடிந்து வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போவார்கள். கரையில் அறுபது, எழுபது மண்வெட்டிகள் ஒன்றாகக் கிடக்கும். மாறிப்போகாமல் இருப்பதற்காகப் பிடியின் தலைப்பில் வீட்டுக்கொரு வர்ணத்தில் வளையம் தீட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ஒற்றை நீலம். ஊரில் சிறு குழந்தையிடம் கேட்டாலும் எந்த வளையம் எந்த வீடு என்று சொல்லிவிடும்.

அந்தப் பிடியில் இரண்டு மஞ்சள் வளையங்கள், நடுவில் ஒரு சிவப்பு. அது தியாகேசன் மாமா வீட்டுடையது. படப்பிடிப்பின்போது இயக்குநருக்கு வீடு பிடித்துக் கொடுப்பது, ஆள் திரட்டுவது, அனுமதி வாங்குவது எல்லாம் தியாகேசன் மாமாதான். மடையைச் சரியாக அடைக்கவில்லை என்று ஊரில் முதலில் சொன்னவரும் அவரே.

இமயவரம்பன் அவர்களும், அவர்களுடைய படத்தொகுப்பாளரும், உலகத்து விமரிசகர்களும் அந்த முகத்தையே பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மண்வெட்டிக்கும் வீட்டு முகவரி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் அதை நான்கு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வேட்டிலும் எழுதவில்லை. அப்பாவிடம் சொன்னால் ஒரு நாள் அழுதுவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவார். அவர் விட்டுவிடுவது எனக்கு விருப்பமில்லை. ஊர் முழுவதும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

அந்த நாளைத் தியாகேசன் மாமாவே கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த ஆண்டு பொங்கலை ஒட்டி இமயவரம்பன் அவர்களுக்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு திருமண மண்டபத்தில் பாராட்டு விழா. விழாக்குழுத் தலைவர் தியாகேசன் மாமா. விழாவில் ஒரு பட்டிமன்றம்: 'டெல்டாவின் வாழ்வைத் திரையில் உயிரோடு காட்டியவர் மூஸாவா, இமயவரம்பனா?' தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதை அழைப்பிதழில் இருந்த படத்தின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசினார்.

"ஏம்மா எழிலு, நீ இமயவரம்பன் சார் அணியில பேசு. ஊர்ப்பொண்ணு வாயால கேட்டா அவருக்கு ஒரு சந்தோஷம். ஒங்கப்பாவ ஒலகம் பூரா கொண்டுபோனவரு இல்லையா?"

"ரொம்ப மகிழ்ச்சிங்க மாமா. கட்டாயம் பேசுறேன்ங்க."

"படத்துலேருந்து நாலு சீன் போட்டுக் காட்டு. பெரிய எல்இடி ஸ்கிரீனு சொல்லியிருக்கு. கடைசில மருதையனுக்கு சார் கையால பொன்னாடை. அந்த அழுவுற சீன மறந்துராத."

"மறக்க மாட்டேன்ங்க மாமா."

என் உரையை நான் பதினோரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் கடுமையான சொற்களைத் தேடித் தேடி நீக்கினேன். கடுஞ்சொல் வந்தால் நடுவர் மணியடித்து உட்கார வைத்துவிடுவார். பட்டிமன்றத்தில் தன் அணியைவிட்டு மாறிப் பேசினாலும் மணியடிப்பார். ஆகவே, இமயவரம்பன் அவர்களே உயர்ந்தவர் என்று தொடங்கி, இமயவரம்பன் அவர்களே உயர்ந்தவர் என்று முடிப்பதாக அமைத்தேன். அறநெறியைப் பாடமாக நடத்துகிற நான் அந்த நாட்களில் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பசி நன்றாக எடுத்தது. தூக்கமும் நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்று வேன்களில் ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி கட்டி, மூன்றாம் வரிசையில், பொன்னாடைக்காக உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு முன்வரிசையில் நடராச ஐயா. மேடைக்குக் கீழே தியாகேசன் மாமா, சட்டைப்பையில் ரோஜா குத்திக்கொண்டு.

மேடையில் என்னை இமயவரம்பன் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். அறுபது வயது இருக்கும். கதர்ச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தார்கள்.

"உங்கப்பாவோட முகம் ஒரு பொக்கிஷம்மா" என்றார்கள். "இப்ப என்ன பண்றாரு?"

"கொள்முதல் நிலையத்துல சாக்கு தைக்கிறாருங்க ஐயா."

சிறிது நேரம் கண்களை மூடி அதைக் கற்பனை செய்து பார்த்தார்கள். "அழகு" என்றார்கள்.

நடுவர் பேராசிரியர் நெடுஞ்செழியன் அவர்கள் தொடக்கவுரை ஆற்றினார். பிறகு மூஸா அணியின் சார்பில் நெய்னா முகம்மது அவர்கள் பேசினார். அதிராம்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். மூஸா அவர்களின் அடுத்த வீட்டுக்காரர். ஒரு நிகழ்ச்சியை அவர் விரிவாகச் சொன்னார். 'மூன்றாம் மடை' படத்துக்காக மூஸா அவர்கள் எங்கள் ஊருக்கே வந்திருந்தார்களாம். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் ஏறும் காட்சி வேண்டும். அந்த ஆண்டு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயலுக்கு முறை வர இன்னும் பதினோரு நாள் என்று வாய்க்கால் காவல்காரர் சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் துடித்தாராம். மூஸா அவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பதினோரு நாளும் வரப்பில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு சீட்டு விளையாடினார்களாம். "எல்லா ஆட்டத்துலயும் தோத்தாரு. ஆனா தண்ணி வந்தன்னிக்கு எடுத்தாரு பாருங்க, அதுல நடவுக்கு நின்ன பொம்பளைங்க மூஞ்சிய எவனாலயும் சொல்லிக் குடுத்து வரவைக்க முடியாதுங்க" என்றார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். இமயவரம்பன் அவர்கள் புன்னகை செய்தார்கள்.

அடுத்து என்னை அழைத்தார்கள். தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

நடுவர் அவர்களுக்கும், அவைக்கும், சிறப்பு விருந்தினருக்கும் வணக்கம் தெரிவித்தேன். எதிரணி நண்பர் கூறிய நிகழ்ச்சி முழுவதும் உண்மை என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் அது மூஸா அவர்களின் சிறப்பைக் காட்டவில்லை, அவருடைய போதாமையையே காட்டுகிறது என்று பணிவுடன் வாதிட்டேன். ஒரு வயலில் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் மூஸா அவர்களுக்குப் பதினோரு நாள் தேவைப்பட்டது. அவருக்கு வாய்க்கால் காவல்காரரிடம் அச்சம். வயலில் பாடுபட்டவரிடம் அச்சம். எங்கள் இயக்குநர் அவர்களுக்கு அத்தகைய அச்சம் எதுவும் இல்லை. குடியானவர் முடியாது என்று சொன்ன மூன்றாம் நாளே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தையில், தூறல் இல்லாத வாரத்தில், அறுப்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது. இத்தகைய ஆற்றல் மூஸா அவர்களுக்கு வாய்க்கவில்லை என்றேன்.

மண்டபத்தில் சலசலப்பு குறைந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இமயவரம்பன் அவர்கள் இன்னமும் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, விழாக்குழுத் தலைவர் அவர்களின் விருப்பத்துக்கிணங்க ஒரு காட்சியைத் திரையிட அனுமதி கேட்டேன். ஒலி, ஒளி ஏற்பாட்டைக் கவனித்த அப்சர் அண்ணனிடம் முன்பே பென்டிரைவைக் கொடுத்திருந்தேன். அந்த ஐம்பத்திரண்டு நொடிகளும் ஓடின. என் தந்தையின் முகம் இருபதடி உயரத்துக்கு எழுந்து அழுதது. பின்வரிசையில் இளைஞர்கள் சிலர் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்சர் அண்ணே, மறுபடியும் தொடக்கத்துக்குப் போய் நிறுத்துங்களேன்" என்றேன்.

முதல் சட்டகம் திரையில் அசையாமல் நின்றது. வயல், வானம், தொலைவில் ஒரு மனிதர், இடப்பக்கக் கீழ்மூலையில் அந்த மண்வெட்டி. கைபேசியில் நெல்மணியாக இருந்தது அந்தத் திரையில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அது தேவைப்படாது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஆள் எவரும் ஒரு வயலைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், முதலில் வரப்பைத்தான் பார்ப்பார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், அது தியாகேசன் வீட்டு மம்பட்டிடா."

"வரப்ப வெட்டியிருக்கானுவ பாரு" என்றார் இன்னொருவர்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராகத் திரையிலிருந்து பார்வையை இறக்கி, தியாகேசன் மாமாவைப் பார்த்தார்கள். நடுவர் அவர்களின் கை மணியின் மேல் இருந்தது. அடிக்கவில்லை. நான் அணி மாறிப் பேசவில்லை அல்லவா? "ஆகவே, மழையைத் தானாகவே வரவழைத்த இயக்குநர் இமயவரம்பன் அவர்களே உயர்ந்தவர் என்று தீர்ப்பளிக்குமாறு பணிவன்புடன் வேண்டி அமர்கிறேன்" என்று படித்து முடித்தேன்.

தியாகேசன் மாமா எழுந்து நின்றார். ரோஜா சட்டைப்பையிலிருந்து நழுவி விழுந்தது.

"என்னை ஏன் எல்லாரும் பாக்குறீங்க? சார்தாங்க வெட்டச் சொன்னாரு. அப்புறம் வெட்டுன எடத்த மூடிட்டு மடையத் தொறந்து வுட்டுருன்னு சொன்னதும் அவருதான்" என்றார்.

இமயவரம்பன் அவர்கள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். குரலில் பதற்றம் இல்லை. அனுபவம் மிக்கவர் அல்லவா? உண்மையைத் தேடும் படைப்பாளி சில நேரங்களில் இயற்கையைச் சிறிது தூண்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அந்தக் கண்ணீர் இல்லையென்றால் விவசாயியின் துயரம் உலகத்துக்குத் தெரிந்திருக்காது என்றார்கள். "மருதையன் ஐயா மேடைக்கு வரணும். அவரைக் கட்டிப்பிடிக்கணும் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை விரித்தார்கள். விழாவை எடுத்துக்கொண்டிருந்த வீடியோக்காரரிடம் கையால் சைகை காட்டினார்கள். கேமரா மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. அப்பா அழுதால் அதுவும் அவர்களுடைய வெற்றியாகவே முடிந்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு முறை எழுதிய உரையில் இதற்கு நான் இடம் விடவில்லை.

அப்பா எழுந்தார். மேடையைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த நடராச ஐயாவைப் பார்த்தார்.

"மடைய நான் அடைச்சுத்தாங்க வச்சிருந்தேன்" என்றார். "வைக்கோலு வச்சு, களிமண்ணு அப்பி, காலால மிதிச்சு அடைச்சேன்ங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துகொண்டார். கண்ணில் ஒரு துளிகூட இல்லை. நடராச ஐயா திரும்பிப் பார்க்காமல், தன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இமயவரம்பன் அவர்கள் விரித்த பொன்னாடையோடு நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முழுவதும் அவர்களையே பார்த்தது. எந்தப் பக்கம் திரும்புவது, பொன்னாடையை மடிப்பதா விரித்தபடி வைத்திருப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி மூக்கில் இறங்கி, வாய் பாதி திறந்து, புருவங்கள் மேலேறி நின்றன. நான் மேடையின் ஓரத்தில், நான்கைந்து அடி தொலைவில் இருந்தேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. கைபேசியை எடுத்து, முகத்தை நெருங்கி, ஒரே ஒரு படம் எடுத்தேன்.

மறுப்புரைக்கு நெய்னா முகம்மது அவர்களை அழைத்தார்கள். அவர் எழுந்து, "நடுவர் அவர்களே, தங்கச்சி எங்க அணியா உங்க அணியான்னு எனக்கு வெளங்கலீங்க. நான் பேசறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல" என்று சொல்லி உட்கார்ந்தார். அப்போதுதான் கூட்டம் மூச்சுவிட்டுச் சிரித்தது. நடுவர் அவர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்த தீர்ப்பைப் பார்த்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிக்கொண்டிருப்பதாக அறிவித்தார்.

அன்று இரவு உணவுக்கு முன்பே ஸ்டிக்கரைச் செய்து முடித்துவிட்டேன். அப்பாவுக்குச் செய்தது போலவே முகத்தைத் தவிர அனைத்தையும் வெட்டினேன். பொன்னாடையையும் மேடையையும் நீக்கினேன். அடியில், அவர்களுடைய சொற்களையே சிறிதும் மாற்றாமல் எழுதினேன்: 'மழை தானாகவே வந்தது.' எங்கள் கல்லூரிக் குழுவில் முதலில் அனுப்பியது நான்தான். யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அனுப்புவதற்கு மிகவும் பொருத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். பத்து நாட்களில் அது என் மாணவி ஒருத்தியின் வழியாக எனக்கே திரும்பி வந்தது. இந்த முறையும் அது யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த முறை நான் சொன்னேன்.

இமயவரம்பன் அவர்களின் உதவியாளர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஐயா மிகவும் மனம் வருந்துவதாகவும், வெளியூர்களிலும் கேலி செய்வதாகவும், பரப்பியவர்களிடம் சொல்லி அதை நீக்கச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மரியாதைக்குரியவர்களின் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுவது என் வழக்கம். "ஐயா அவர்களின் முகம் ஒரு பொக்கிஷம். அழிப்பதற்கு மனம் வரவில்லை. பொறுத்தருள்க" என்று எழுதினேன்.

அப்பாவிடம் காட்டுவதற்கு மட்டும் தயங்கினேன். மூன்றாவது வாரம், சாக்குத்தூசி படிந்த சட்டையோடு வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தபோது காட்டினேன். கைபேசியைத் தள்ளிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கேட்டுட்டா எடுத்த?" என்றார்.

"இல்லப்பா. கேக்கல."

கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கை கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனார். குழாய் ஓடும் சத்தமும் நிற்கும் சத்தமும் கேட்டன. நான் திட்டு வாங்கக் காத்திருந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மீண்டும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். எப்படிச் சேமிப்பது, எப்படி அனுப்புவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவர் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய முகத்தை அங்கே நூறு முறையாவது அனுப்பியிருப்பார்கள். அவர் ஒரு வணக்கம்கூட அனுப்பியதில்லை.

சித்திரையில் தியாகேசன் மாமா அந்தக் குழுவில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதற்குள் தன் வீட்டு மண்வெட்டிப் பிடிகளுக்கெல்லாம் அவர் பச்சை வர்ணம் பூசிவிட்டிருந்தார் என்பதையும், அதை ஊரே பார்த்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அறிவிப்பு இதுதான்: 'வரும் ஞாயிறு வாய்க்கால் தூர்வாரும் பணி. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் தவறாமல் வரவும்.'

காலை ஏழு மணி இருக்கும். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து எங்கள் மண்வெட்டியின் பிடியில் மங்கிப்போன வளையத்துக்குப் புதிதாக நீலம் தீட்டிக்கொண்டிருந்தார். கைபேசி ஒலித்ததும் அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். நீலம் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, திரையைத் தேடித் தேடித் தொட்டு, இமயவரம்பன் அவர்களின் முகத்தைப் பதிலாக அனுப்பினார்.